டிஸ்க் சாகலை பாஸ்... டிரைவர்தான் மிஸ்ஸிங்!

ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் காலையில் மினி புராஜெக்ட் ரிவ்யூ. உங்க ரூம்மேட்டோட லேப்டாப் விண்டோஸுக்குள்ளேயே போக மாட்டேன்னு அடம்பிடிக்குது. 'சரி, விண்டோஸை மறுபடி போட்டுடலாம்'னு பென் டிரைவைச் செருகுறீங்க. எல்லாம் நல்லாத்தான் போகுது. கடைசியில், 'விண்டோஸை எங்கே இன்ஸ்டால் பண்ணணும்?'னு ஒரு ஸ்கிரீன் வருது. டிஸ்க் லிஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில்... ஒண்ணுமே இல்லை! வெள்ளை வெளேர்னு ஒரு காலிக் கட்டம். கீழே, 'டிரைவ் எதுவும் கிடைக்கலை'ங்கிற அர்த்தத்தில் ஒரு வரி.

இப்போ நீங்க என்ன சொல்வீங்க? நான் என்ன சொன்னேன்னு முதல்ல சொல்லிடறேன். "மச்சி, டிஸ்க் அவுட்டு!"

சொன்னது யாரு? மூணாவது வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிற, ஹாஸ்டல்ல 'சிஸ்டம் டாக்டர்'னு பேர் வாங்கின நான். அவன் முகம் சுருங்கிப்போச்சு. காரணம், புராஜெக்ட் ஃபைல் மொத்தமும் டி டிரைவ்ல. காப்பி? கிடையாது. அது மட்டும் இல்லை... உடனே மொபைலை எடுத்து வீட்டுக்குப் போன் போட்டுட்டான். "அப்பா, லேப்டாப்ல டிஸ்க் போயிடுச்சாம். புதுசு மாத்தணும்ப்பா."

அவங்கப்பா டவுன் பஸ் டிரைவர். அப்பதான் டியூட்டி முடிச்சு வந்திருந்தார். "எவ்வளவு ஆகும்னு கேட்டுச் சொல்லுடா, காலையில ஏற்பாடு பண்றேன்"னார். ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி கேட்கலை. அதுதான் எனக்கு உறுத்துச்சு. நான் சும்மா ஒரு காலிக் கட்டத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்புக்கு, ஒருத்தர் காலையில் யார்கிட்டயோ கடன் கேட்கப் போறார்!

உறுத்தினதால்தான் இன்னொரு தடவை பார்த்தேன். பார்த்ததில் தெரிஞ்சதுதான் இந்தக் கட்டுரை. நாளைக்கு இதே காலிக் கட்டம் உங்க ஸ்கிரீன்லயும் வரலாம். அப்போ வீட்டுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

செத்தவன் பேர் சொல்வானா?

முதல் டெஸ்ட் ரொம்ப சிம்பிள். லேப்டாப்பை அணைச்சு ஆன் பண்ணி, பயாஸுக்குள்ள போங்க. எஃப்2, டெலீட், எஃப்10னு கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். உள்ளே 'இன்ஃபர்மேஷன்' அல்லது 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் உங்க எஸ்எஸ்டியோட மாடல் பெயர் இருக்கான்னு பாருங்க.

பெயர் இருக்கா? டிஸ்க் போர்டோட பேசிக்கிட்டுதான் இருக்குன்னு அர்த்தம். அதுக்காக நூறு சதவிகிதம் ஆரோக்கியமா இருக்குன்னு சொல்ல முடியாது. ஆனா 'செத்துப்போச்சு'ன்னு சங்கு ஊதறதுக்கு இன்னும் நேரம் வரலை. பெயரே இல்லையா? அப்போ டிஸ்க் லூஸா இருக்கலாம், நிஜமாவே போயிருக்கவும் செய்யலாம். அது சர்வீஸ் ஆள் வேலை.

எங்க கேஸ்ல பயாஸ்ல பெயர் 'ஜம்'முனு உட்கார்ந்திருந்தது. 512 ஜிபி எஸ்எஸ்டி, மாடல் நம்பரோட! பயாஸ் கண்ணுக்குத் தெரியுற டிஸ்க், விண்டோஸ் இன்ஸ்டாலர் கண்ணுக்கு ஏன் தெரியலை?

வாட்ச்மேன் பேசுற பாஷை

ஹாஸ்டல் கணக்குலயே பார்ப்போம். எஸ்எஸ்டிதான் ரூமுக்குள்ள இருக்கிற பையன். விண்டோஸ் இன்ஸ்டாலர், அவனைப் பார்க்க ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமா. மாமா நேரா ரூமுக்குப் போக முடியாது. கேட்ல வாட்ச்மேன் இருப்பார். அந்த வாட்ச்மேன்தான் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர். அவர்கிட்ட எப்படிப் பேசணும்னு மாமாவுக்குச் சொல்லித் தர்ற குட்டி புரோகிராம்தான் டிரைவர்.

நிறைய வாட்ச்மேன்கள் பொது பாஷை பேசுவாங்க. சாட்டா டிஸ்க்குக்கு ஏஹெச்சிஐ, இப்போ வர்ற எஸ்எஸ்டிகளுக்கு என்விஎம்இ. இந்த ரெண்டும் விண்டோஸுக்குத் தண்ணி பட்ட பாடு. டிரைவர் அதுக்குள்ளேயே இருக்கு.

சிக்கல் எங்கேன்னா, இன்டெல் 11-ம் தலைமுறை பிராசஸர்கள் 2020-ல் லேப்டாப்களுக்கு வந்தப்போ கூடவே விஎம்டிங்கிற சமாசாரமும் வந்தது. விரிவா, வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ். முதல்ல சர்வர்களுக்காக வந்த ஐட்டம் இது. பல எஸ்எஸ்டிகளைச் சேர்த்து ரெய்டு போட வசதி. இது ஆன்ல இருந்தா, எஸ்எஸ்டி எல்லாம் விஎம்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். வெளியில இருந்து பார்த்தா விஎம்டி மட்டும்தான் தெரியும். அதாவது, புது வார்டன் வந்து 'எந்தப் பையனைப் பார்க்கணும்னாலும் என்கிட்ட கேளு'ன்னு கேட்டையே மூடிட்டார். புது வார்டன் பாஷைக்கு டிரைவர் இன்டெல் கொடுக்கிற 'ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி', சுருக்கமா ஆர்எஸ்டி. நாம பென் டிரைவ்ல போடற சாதாரண விண்டோஸ்ல அது இருக்கிறதில்லை.

கடையில இருந்து வந்த லேப்டாப்ல மட்டும் எப்படி ஓடுச்சு? கம்பெனிக்காரங்க முதல்லயே டிரைவரைச் சேர்த்துதான் விண்டோஸ் போட்டு அனுப்பறாங்க. நாமளா புதுசாப் போடும்போதுதான் குட்டு வெளிப்படுது.

ஃப்ளாப்பி காலத்து எஃப்6

"இதெல்லாம் உங்களுக்குப் புதுசு. நாங்க ஃப்ளாப்பியோட மல்லுக்கட்டினவங்க!" என்று சிரிக்கிறார் எங்க லேப் அசிஸ்டன்ட் சார்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001-ல். சாட்டா டிஸ்க் அதுக்குப் பிறகு 2003 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஏஹெச்சிஐ 2004-ல். எக்ஸ்பி சிடிக்கு ஏஹெச்சிஐ தெரியாது. அதனால், இன்ஸ்டால் ஆரம்பிக்கிறப்போ நீல ஸ்கிரீனுக்குக் கீழே ஒரு வரி சில நொடிகள் வரும். வேற கம்பெனி டிரைவர் வேணும்னா எஃப்6 அமுக்கணும். தவறவிட்டா, மறுபடி முதல்ல இருந்து. அமுக்கினா, டிரைவரை ஃப்ளாப்பியில் கேட்கும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத கம்ப்யூட்டர்லயும் ஃப்ளாப்பிதான் கேட்கும்!

2007-ல் கடைக்கு வந்த விஸ்டா, ஏஹெச்சிஐ டிரைவரை உள்ளேயே வெச்சிருந்தது. பென் டிரைவ், சிடியில் இருந்தும் டிரைவர் எடுத்துக்கும். 2013-ல் வந்த விண்டோஸ் 8.1, என்விஎம்இ டிரைவரோட வந்தது. சரி, பிரச்னை முடிஞ்சதுன்னு பார்த்தா, 2020-ல் விஎம்டி! ஹார்டுவேர் ஓர் அடி முன்னாடி போகும், இன்ஸ்டாலர் பின்னாடி ஓடிவரும். இடைவெளி வர்ற ஒவ்வொரு தடவையும் அந்தக் காலிக் கட்டம் வரும்.

இதுல ஒரு காமெடி. இந்த விஎம்டி டிரைவருக்கு இன்டெல் கொடுத்த ஒரு ஜிப் ஃபைலோட பெயர்லயே எஃப்6-ம் இருக்கு, ஃப்ளாப்பியைக் குறிக்கிற நாலு எழுத்தும் இருக்கு. ஃப்ளாப்பி மியூஸியத்துக்குப் போனாலும் பெயர் மட்டும் போகலை.

சரியான டிரைவரைப் பிடிப்பது எப்படி?

இனி நோட் பண்ணிக்குங்க.

1. எஸ்எஸ்டி கம்பெனி சைட்ல தேடாதீங்க. நான் முதல்ல செஞ்ச தப்பு இதுதான். நமக்கு வேண்டியது பையனோட டிரைவர் இல்லை, வாட்ச்மேனோட டிரைவர். அதனால் லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துக்குப் போங்க. அடியில் ஒட்டியிருக்கிற மாடல் நம்பரை அப்படியே போட்டு, 'ஸ்டோரேஜ்' அல்லது 'சிப்செட்' பிரிவில் ஆர்எஸ்டி டிரைவரைத் தேடுங்க. அங்கே இல்லைன்னா இன்டெல் டவுன்லோடு பக்கம்.

2. புதுசு எல்லாம் சரியானது இல்லை. இன்டெல்லோட 20-ம் வரிசை டிரைவர்கள் 12-ம் தலைமுறையில் இருந்துதான் ஆரம்பம். உங்களுது 11-ம் தலைமுறைன்னா 19-ம் வரிசை மாதிரி முந்தையதுதான் வேணும். 'இருக்கிறதுலயே லேட்டஸ்ட்'னு இறக்கினா மறுபடி காலிக் கட்டம்தான். டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி, எந்தத் தலைமுறைக்குன்னு அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதைப் படிங்க.

3. அடையாள அட்டையைப் பாருங்க. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஹார்டுவேர் ஐடி உண்டு. விண்டோஸ் ஓடுற சிஸ்டம்னா, டிவைஸ் மேனேஜர், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ், புராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடின்னு போங்க. முதல் பாதி தயாரிப்பாளர், அடுத்த பாதி டிவைஸ். இன்டெல்லோட தயாரிப்பாளர் எண் என்ன தெரியுமா? 8086! மைக்ரோபிராசஸர் லேப்ல நம்மைப் படுத்தி எடுக்குதே, 1978-ல் வந்த அதே 8086-ஐ ஞாபகமா வெச்சிருக்காங்க. ஏஎம்டிக்கு 1022. டிவைஸ் பாதியில், விஎம்டி 11-ம் தலைமுறை லேப்டாப்ல 9ஏ0பி, 12-ம் தலைமுறையில் 467எஃப். டிரைவர் பெயரோட ஓரத்திலும் இதே எண்தான் இருக்கும். பொருத்தம் பார்த்துக்குங்க. கல்யாணத்துக்கு ஜாதகம் மாதிரி!

4. எக்ஸி ஃபைலை அப்படியே பென் டிரைவ்ல போட்டா வேலைக்கு ஆகாது. இன்ஸ்டாலர் தேடுறது ஐஎன்எஃப் ஃபைலை. கூடவே எஸ்ஒய்எஸ், கேட் ஃபைல்களும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும். ஜிப்பா வந்தா, வேற சிஸ்டத்தில் விரிச்சு காப்பி பண்ணுங்க. இன்டெல்லோட எக்ஸி செட்டப்பா வந்தா, கமாண்ட் பிராம்ப்ட்ல செட்டப் ஃபைல் பெயரை டைப் பண்ணி, இடம் விட்டு, ஒரு கோடு போட்டு 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்'னு சேர்த்து அடிச்சு, மறுபடி இடம் விட்டு புது ஃபோல்டர் பெயர் கொடுங்க. உள்ளே இருக்கிறது எல்லாம் அந்த ஃபோல்டர்ல வந்து விழும்.

5. இப்போ காலிக் கட்டம் வர்ற ஸ்கிரீன்ல 'லோடு டிரைவர்' அமுக்கி, பிரவுஸ் பண்ணி அந்த ஃபோல்டரைக் காட்டுங்க. 'பொருந்தாத டிரைவர்களை மறை'ங்கிற டிக்கை எடுக்காதீங்க. அதுதான் நமக்கு ஃபில்டர். டிக் இருக்கும்போது ஒரு டிரைவர் லிஸ்ட்ல நின்னா, அதுதான் உங்களுது. ஒண்ணுமே நிக்கலைன்னா, தப்பான வெர்ஷனை எடுத்திருக்கீங்க.

எங்க கேஸ்ல பக்கத்து ரூம் லேப்டாப், ஒருத்தனோட ஹாட்ஸ்பாட், இன்னொருத்தனோட 8 ஜிபி பென் டிரைவ்னு கூட்டு முயற்சி. முதல் டிரைவர் நிக்கலை. நான்தான் ஆசைப்பட்டு லேட்டஸ்ட்டை எடுத்திருந்தேன். 11-ம் தலைமுறை லேப்டாப் அது. ரெண்டாவது எடுத்ததுல 9ஏ0பின்னு ஒரு வரி நின்னுச்சு. நெக்ஸ்ட் அமுக்கினோம். சில நொடிதான்... காலிக் கட்டத்துல வரிசையா பார்ட்டிஷன்கள்! அவன் விட்ட பெருமூச்சு மூணாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அவசரப்படாதீங்க ப்ளீஸ்

லிஸ்ட் வந்ததும் கை துறுதுறுங்கும். இங்கேதான் நிறைய பேர் நிஜமாவே டேட்டாவைத் தொலைக்கிறாங்க. டிஸ்க் சாகலை. ஆனா நீங்க டிலீட் அமுக்கினா, உள்ளே இருக்கிறது சாகும்.

அதனால், முதல்ல டேட்டாவை வெளியே எடுங்க. அதே ஸ்கிரீன்ல ஷிஃப்ட்+எஃப்10 அடிச்சா கறுப்பு ஜன்னல் திறக்கும். 'நோட்பேட்'னு டைப் பண்ணுங்க. ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தா, உங்க ஃபோல்டர் எல்லாம் தெரியும். ரைட் கிளிக், காப்பி. பென் டிரைவ்ல போய் பேஸ்ட். அவ்வளவுதான்! புராஜெக்ட் ஃபோல்டரை இப்படித்தான் பத்திரமா எடுத்தோம். அதுக்கப்புறம்தான் சி டிரைவ்ல கை வெச்சோம். டி பக்கமே போகலை.

ஒரு விஷயம்: டிஸ்க் பிட்லாக்கர்ல பூட்டியிருந்தா ஃபோல்டர் தெரியாது. 48 இலக்க ரெக்கவரி கீ வேணும். நிறைய விண்டோஸ் 11 லேப்டாப்கள்ல மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் போட்டதுமே இது தானா ஆன் ஆகிடும். கீ அந்த அக்கவுன்ட்லயே சேமிப்பாகும். மொபைல்ல லாகின் பண்ணி எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

லிஸ்ட்ல உங்க பென் டிரைவும் ஒரு டிஸ்க்கா நிக்கலாம். சைஸைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிங்க. 8 ஜிபி ஐட்டத்தை எஸ்எஸ்டின்னு நினைச்சு ஃபார்மட் பண்ணா, இன்ஸ்டாலரே காலி.

குறுக்கு வழி ஒண்ணு இருக்கே?

இருக்கு. பயாஸ்ல விஎம்டியை ஆஃப் பண்ணிட்டா, எஸ்எஸ்டி சாதாரண என்விஎம்இயா வெளியே வந்துடும். டிரைவரே வேண்டாம். சில ஏசர் லேப்டாப்கள்ல இந்த ஆப்ஷன் மறைஞ்சிருக்கும். பயாஸ் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அடிச்சா தலைகாட்டும்.

ஒரே ஒரு எஸ்எஸ்டி, விண்டோஸைப் புதுசாப் போடப்போறீங்கன்னா தாராளமா செய்யலாம். ஆனா, நல்லா ஓடிக்கிட்டிருக்கிற விண்டோஸ்ல திடீர்னு மாத்தினா நீல ஸ்கிரீன்தான். 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்'னு வரும். பூட் ஆகுறப்போ எந்த டிரைவரை எழுப்பணும்னு விண்டோஸ் முடிவு பண்ணி வெச்சிருக்கும். அந்த ஆள் நின்ன இடத்துல வேற ஆள் நின்னா குழம்பிடும். பதறாதீங்க, பயாஸ்ல பழையபடி மாத்தினா பெரும்பாலும் எழுந்துக்கும். மாத்தியே ஆகணும்னா, பிட்லாக்கரைத் தற்காலிகமா நிறுத்திட்டு, அடுத்த பூட் சேஃப் மோடில் போகிற மாதிரி செட் பண்ணி, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸ்ல மாத்துங்க. சேஃப் மோடில் ஒரு தடவை எழுந்தா புது டிரைவரைப் பிடிச்சுக்கும். அப்புறம் சாதாரண மோடுக்கு வரலாம்.

டெஸ்க்டாப்ல ரெண்டு டிஸ்க்கை ரெய்டு போட்டு வெச்சிருக்கிறவங்க, ஆப்டேன் உள்ளவங்க இந்த ஸ்விட்ச்சைத் தொடவே தொடாதீங்க. உள்ளே இருக்கிற டேட்டா கைக்கு வராமப் போயிடலாம்.

ஏஎம்டி ஃப்ரெண்ட்ஸ் நிம்மதியா தூங்கலாம். ரெய்டு மோடு ஆன் பண்ணியிருந்தா மட்டும்தான் உங்களுக்குத் தனி டிரைவர் வேணும்.

இன்னும் ரெண்டே ரெண்டு டிப்ஸ்

'டிரைவர் எல்லாத்தையும் ஒரே கிளிக்ல அப்டேட் பண்றோம்'னு வர்ற சாஃப்ட்வேர்களை நம்பாதீங்க. சவுண்டு டிரைவர் தப்பானா பாட்டு கேட்காது, அவ்வளவுதான். ஸ்டோரேஜ் டிரைவர் தப்பானா சிஸ்டமே எழுந்துக்காது!

'மீடியா டிரைவர் காணோம்'னு எரர் வந்தா, அது எப்பவும் ஸ்டோரேஜ் டிரைவர் பிரச்னைன்னு நினைக்காதீங்க. பென் டிரைவ்ல விண்டோஸ் சரியா எழுதப்படாம இருந்தாலும் இதே எரர் வரும். வேற யூஎஸ்பி போர்ட்ல செருகிப் பாருங்க. அப்பவும் வந்தா, பென் டிரைவை மறுபடி தயார் பண்ணுங்க.

ராத்திரி ரெண்டே முக்காலுக்கு விண்டோஸ் ஓடுச்சு. காலையில் ரிவ்யூ முடிஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கே அவனை எழுப்பி வீட்டுக்குப் போன் போட வெச்சேன். அவங்கப்பா பணத்துக்குக் கிளம்பறதுக்குள்ள சொல்லணுமே!

"அப்பா, பணம் வேணாம்ப்பா. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னடா ஆச்சு?"

"டிரைவர் இல்லப்பா... அதான் ஓடலை."

ரெண்டு நொடி அமைதி. அப்புறம் ஸ்பீக்கர்ல அவர் சிரிக்கிற சத்தம். "ஏன்டா, முப்பது வருஷமா நான் இதைத்தான்டா சொல்லிக்கிட்டிருக்கேன்... டிரைவர் இல்லாம வண்டி எப்படிடா ஓடும்?"